பெரிய சிஸ்டர் ஒட்டிய பிளாஸ்டர்

இரவு ஒன்பதரை இருக்கும். ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போகிற சாலை... ஒரு பக்கம் நீளமான மதில், எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடக்கும் லாரி ஷெட்டுகள். விளக்குக் கம்பங்களுக்குக் குறைச்சல் இல்லை, எரிவது மட்டும் ஒன்றே ஒன்று. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்த நேரம். மண்வாசனை வர வேண்டும், இல்லையா. வந்தது ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அது. யாரோ இப்போதுதான் இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு அவளைக் கடந்து போன மாதிரி...

சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை.

அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாசனைதான் அடித்தது. பேசாமல் வண்டியை முறுக்கினாள்.

இது என் சிநேகிதியின் சித்திக்கு நடந்தது. சிநேகிதி எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள், காற்று வருகிறது.

சித்தி அந்த ஆஸ்பத்திரியின் ஐசியூவில் நர்ஸ். எல்லோரும் அவளைச் சின்ன சிஸ்டர் என்பார்கள். வயதை வைத்து வந்த பெயர் இல்லை. அவளுக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய சிஸ்டர் இருந்தாள். ஒருநாள் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனவள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. விடிவதற்குள் அதே ஐசியூவில், அவள் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய அதே கட்டில் ஒன்றில், செத்துப்போனாள். அந்தக் காலியிடத்துக்கு வந்தவள்தான் சின்ன சிஸ்டர்.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. பெரிய சிஸ்டரின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதானால் அவர்தான் வருவார். வந்த இடத்தில் சின்ன சிஸ்டரைப் பார்த்தார், பழகினார், கொஞ்ச நாளில் கல்யாணமும் ஆயிற்று. ஆக, வேலையும் அவள் விட்டுப்போன இடம், வீடும் அவள் விட்டுப்போன இடம்.

தெரிந்துதானே போனாள் என்பீர்கள். தெரிந்து போவது வேறு, போய் வாழ்வது வேறு. கல்யாணமாகி வந்த அன்று அலமாரியைத் திறந்தாள். துண்டெல்லாம் விளிம்பு உள்பக்கமாக வரும்படி ஒரே மாதிரி மடித்திருந்தது.

"நானே மடிச்சதுதான். இப்படியே பழகிடுச்சு," என்றார் அவர்.

யார் பழக்கியது என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? சின்ன சிஸ்டர் எல்லாத் துண்டையும் உதறிப் போட்டு மறுபடி தன் வழக்கப்படி மடித்து வைத்தாள். பெருமூச்சு மட்டும் அடங்கவில்லை.

இன்னொன்று. அவர் முதன்முதலில் ஐசியூவுக்குள் நுழைந்தபோது கையெல்லாம் கிரீஸாம். பெரிய சிஸ்டர் வாசலிலேயே மறித்து, "கை கழுவாம உள்ள வரக்கூடாது" என்றாளாம். இவர் "சரிங்க மேடம்" என்று குழாயடிக்குப் போனாராம். அன்றிலிருந்து சாகும்வரை பெண்டாட்டியை அவர் கூப்பிட்டது 'மேடம்' என்றுதான். இந்தக் கதையை அவர் வாயாலேயே சின்ன சிஸ்டர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். இவளிடம் அந்தச் சிரிப்பு வந்ததில்லை. இவளை அவர் கூப்பிடுவது "இந்தாம்மா".

வீட்டில்தான் இப்படி என்றால் வார்டில் அதற்கு மேல். பெரிய சிஸ்டருக்கு அங்கே ஒரு பேர் இருந்தது. ஐசியூவில் நினைவில்லாமல் கிடப்பவர்களுக்குச் சிறுநீர் போக ஒரு டியூப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். உள்ளே மூத்திரப்பையில் ஒரு சின்ன பலூன் அதை நழுவாமல் பிடித்துக்கொள்ளும், வெளியே கட்டிலோரம் ஒரு யூரின் பை தொங்கும். உபகாரமான சாமான்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமி அந்த டியூப்பைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி ஏறும். ஏறி உள்ளே போனால் காய்ச்சல், அப்புறம் ரத்தத்தில் விஷம். அடிபட்டதில் பிழைத்தவன் இதில் போய்விடுவான். பெரிய சிஸ்டர் இருந்தவரை அந்த வார்டில் ஒருத்தருக்கும் அது வந்ததில்லை என்பார்கள். தொடுமுன் கை கழுவுவாள். பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. பையும் டியூப்பும் சேருகிற மூட்டைப் பிரிக்கக்கூடாது. டியூப் இழுபடாமல் தொடையில் பிளாஸ்டர் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று டாக்டரைக் கேட்பாளாம்: "இது இன்னும் வேணுமா சார்?" வேண்டாம் என்று டாக்டர் வாயிலிருந்து வந்த மறுநிமிஷம் உருவிவிடுவாளாம்.

சின்ன சிஸ்டரும் இதையெல்லாம் செய்தாள். ஒன்றுவிடாமல் செய்தாள். கேட்ட பேச்சு என்ன தெரியுமா? "பரவால்லையே, பெரிய சிஸ்டர் மாதிரியே பண்றியே."

"செத்த மாடு எப்பவும் குடம் குடமாத்தான் கறந்திருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். உயிரோடிருக்கிற சக்களத்தியாக இருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். செத்தவளை என்ன செய்ய?

அந்த மழைக்காலத்தில்தான் அவர் லிஃப்ட் கூண்டின் மேலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, விலா எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. அதே ஐசியூவில் கொண்டுவந்து போட்டார்கள். மூச்சுக்கு மெஷின், கைக்கு டிரிப், சிறுநீருக்கு டியூப். தன் சொந்தக்காரரை அந்த நர்ஸே பார்க்கக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. சின்ன சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் புருஷனை நான் பாத்துக்கறேன். வேற யாரும் தொட வேண்டாம்," என்றாள்.

வேற யாரும். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்னேனே, அந்த ஸ்பிரிட் வாசனை அடித்த ராத்திரி... அன்றைக்கு அவள் டியூட்டிக்கு வந்து அவர் கட்டிலின் திரையை விலக்கினாள். மெஷினை எடுத்துவிட்டிருந்தார்கள். தானாக மூச்சு விட்டுக்கொண்டு அரைமயக்கத்தில் கிடந்தார். போர்வையை விலக்கி டியூப்பைப் பார்த்தாள்.

தொடையில் பிளாஸ்டர் புதிதாக ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கமில்லை. நுனி மட்டும் கொஞ்சம் உள்ளே மடித்து, பிரிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் காது மாதிரி விட்டிருந்தது.

அப்படி மடிப்பது ஒருத்திதான். பழைய நர்ஸுகள் அதையும் சின்ன சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். தோல் உரியாமல் எடுக்கலாம், நோயாளிக்கு வலிக்காது, என்ன ஒரு மனசு பெரிய சிஸ்டருக்கு என்று.

அந்த வார்டில் வயதான ஆயா ஒருத்தி உண்டு. அவளைக் கூப்பிட்டாள்.

"சாயந்தரம் இவருக்கு யார் பிளாஸ்டர் மாத்தினது?"

"மெஷினை எடுத்தப்புறம் யாரும் கிட்டயே வரலியே சிஸ்டர். நீங்கதான் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களே."

சின்ன சிஸ்டருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். உங்களுக்கோ எனக்கோ வந்திருக்கும். அவளுக்கோ வயிறுதான் எரிந்தது. பிளாஸ்டரைப் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தாள். தூக்கத்திலேயே அவர் "ஸ்ஸ்" என்றார். வேறொன்றை வெட்டி, நுனி மடிக்காமல், அழுத்தி ஒட்டினாள்.

நடுராத்திரி கடந்து... மானிட்டர்கள் மட்டும் கிணுங்கிக்கொண்டிருந்தன. குழாயடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கையால் தொடாமல் முழங்கையால் தட்டித் திறக்கிற குழாய் அது. தண்ணீர் விழுந்தது... சொத்தென்று விழவில்லை. கைகளில் பட்டு, விரல் இடுக்கில் புகுந்து, மணிக்கட்டில் வழிந்து விழுகிற மாதிரி, அறுந்து அறுந்து விழுந்தது. வெகுநேரம். திரும்ப ஒரு 'டக்'. நின்றது.

சின்ன சிஸ்டர் எழுந்து போய்ப் பார்த்தாள். தொட்டி நனைந்திருந்தது. ஆயா மூலையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். திரும்பிக் கட்டிலுக்கு வந்தாள். போர்வையை விலக்கினாள்.

நுனி மடித்திருந்தது.

அவள் மறுபடி உரித்தாள். அடுத்த ராத்திரியும் அப்படியே. இவள் ஒட்டுவாள், அந்தப் பக்கம் குழாய் திறக்கும், வந்து பார்த்தால் மடிப்பு. பை சரியாகத்தான் தொங்கும், ஆனால் இவள் மாட்டிய கம்பியில் இருக்காது, பக்கத்துக் கம்பியில் இருக்கும். டியூப் இன்னும் நேராக, இன்னும் அழகாக ஓடும். இவள் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துத் திருத்துகிற மாதிரி. மாமியார்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று சின்ன சிஸ்டர் பின்னால் சொன்னாளாம்.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

அன்று விடியப்போகிற நேரம். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "கை ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு..."

இவள் கட்டிலிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தாள். அவரைத் தொடவே இல்லை.

"போதும் மேடம்," என்றார் அவர். "கொஞ்ச நேரம் உக்காருங்க."

அந்தச் சிரிப்பு. உதட்டோரத்தில்... கல்யாணமாகி வந்ததிலிருந்து இவள் காத்திருந்த சிரிப்பு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ போயிற்று.

சின்ன சிஸ்டருக்குக் கண் இருண்டது. செத்தவள் தொட்டது எதுவும் இவர் உடம்பில் இருக்கக்கூடாது, ஒரு சாமான்கூட. அதுதான் மனசில் ஓடியது. பிளாஸ்டரைப் பிய்த்தாள். பையைக் கழற்றினாள். பிரிக்கவே கூடாத மூட்டைப் பிரித்து, அவள் கை பட்ட பையைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறு பை மாட்டினாள். டியூப்பின் வாய் அந்த நேரம் போர்வையில் கிடந்தது. இவள் கிளவுஸ் போடவில்லை. கையும் கழுவவில்லை. குழாயடிக்குப் போனால் அங்கே அவள் நிற்பாள் என்று...

தெரியாமல் செய்யவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யக்கூடாது என்று சொல்லக்கூடியவள். பொறாமை வந்தால் படித்ததெல்லாம் பரண்மேல் ஏறிவிடும்.

அதற்குப் பிறகு குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. மடிப்பும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் அவருக்குக் குளிர் எடுத்தது. கட்டில் கம்பி கடகடவென்று அடிக்கிற அளவுக்கு நடுக்கம். உடம்பு அனலாய்க் கொதித்தது. பையில் சிறுநீர் கழுவுநீர் மாதிரி கலங்கியிருந்தது. திரையை விலக்கினால் ஒரு நாற்றம், மீன் தொட்டியின் அடித் தண்ணீர் மாதிரி. டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். சின்ன வயசுப் பையன், முகம் விழுந்துவிட்டது.

"டியூப்லேருந்துதான் ஏறியிருக்கு சிஸ்டர். பிரஷர் வேற இறங்குது. இந்த வார்டுல இது வந்து எவ்ளோ காலமாச்சு. பெரிய சிஸ்டர் இருந்தப்போ..." என்றவர் இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பரிசோதனைக்கு அனுப்பினார்கள், மருந்து ஏற்றினார்கள். பிரஷர் இன்னும் இறங்கியது. அன்று இரவு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வச்சிடுங்க" என்றார். எத்தனையோ பேரிடம் இவளே சொன்ன வார்த்தை அது.

திரைக்குள் வந்து உட்கார்ந்தாள். யாரிடம் சொல்வது? இந்தக் கையால் வந்ததென்று யாரிடம் சொல்வது? வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு... திரையைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா."

அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேச்சில் வந்தாலும் 'அவங்க' என்பாள், மனசுக்குள் 'அவள்' என்பாள்.

"என்னாலதான் வந்துச்சு அக்கா. நீங்க சரியாத்தான் பண்ணீங்க. வாங்க... வந்து பாருங்க. நான் எதையும் பிரிக்க மாட்டேன்."

மானிட்டர் கிணுங்கியது. வேறு சத்தம் இல்லை. அப்புறம்... 'டக்'.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவள் எழுந்து போனாள். தொட்டியின் முன்னால் நின்றாள். யாரும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டினாள். சோப்பு போட்டாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண்... பக்கத்திலே ஒருத்தி தோள் உரச நின்றால் உடம்புக்குத் தெரியும் இல்லையா, அந்தப் பக்கத் தோள் மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது. கழுவி முடித்து முழங்கையைத் தூக்கினாள். அதற்குள் குழாய் தானாக நின்றது.

திரும்பி வரும்போதுதான் பளிச்சென்று உறைத்தது. ஒவ்வொரு கட்டிலிலும் காலையில் கேட்கிற கேள்வி. இவர் கட்டிலில் அதைக் கேட்கவே இல்லை. யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, இவளும் கேட்க மறந்து, சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டரிடம் ஓடினாள்.

"சார், அவருக்கு அந்த டியூப் இன்னும் வேணுமா?"

டாக்டர் யோசித்தார். "அவர்தான் கூப்பிட்டா முழிக்கறாரே. வெளிய மாட்டற உறையும் பையும் வச்சே அளந்துக்கலாம். எடுத்துடுங்க. கிருமி அதுலதான் உக்காந்திருக்கு."

கிளவுஸ் போட்டுக்கொண்டாள். ஆயாவைத் தட்டு கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கினாள். உள்ளே பலூனில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சி எடுத்த பிறகுதான் டியூப்பை உருவ முடியும். கண்ணை டியூப்பில் வைத்தபடியே கையைப் பின்னால் நீட்டினாள்.

"சிரிஞ்சு."

உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஆயா கொடுக்கிற மாதிரி தொளதொளவென்று இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் பழகினவர்கள் கொடுப்பார்களே, நழுவாமல், அழுத்தமாக, அப்படி. தண்ணீரை உறிஞ்சினாள். டியூப் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"அவ்ளோதான் ஆயா," என்று திரும்பினாள்.

திரைக்கு வெளியே, வார்டின் அந்தக் கோடியிலிருந்து, ஆயா தட்டை ஏந்திக்கொண்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். தட்டில் சிரிஞ்சு உறை பிரிக்காமல் இருந்தது.

சின்ன சிஸ்டர் தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். குப்பையில் போட்டுவிட்டுப் போய்க் கை கழுவினாள்.

விடியும்போது பிரஷர் ஏறியிருந்தது. மறுநாள் காய்ச்சல் விட்டது. வார்டே அவளைப் புகழ்ந்தது. தலைமை நர்ஸ் தோளில் தட்டி, "பெரிய சிஸ்டர் கைராசி உனக்கும் வந்துடுச்சு" என்றாள். சின்ன சிஸ்டர் சிரித்துவைத்தாள். உள்ளே பழைய எரிச்சல் ஒரு பொறி விடாமல் அப்படியே இருந்தது. நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும், பொறாமை ஒரு பக்கம் இருக்கத்தானே செய்யும்.

எலும்பு கூடி அவர் வீட்டுக்கு வர இன்னும் பல வாரம் ஆனது. ஊன்றுகோல் பிடித்து வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். "இந்தாம்மா, உன்னாலதான் பொழைச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது உதட்டோரத்தில்... லேசாக, லேசாகத்தான், அந்தச் சிரிப்பு. அவளுக்கு அது போதும். அந்த ராத்திரி எவ்வளவோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

எதற்கோ முழிப்பு வந்தது. கட்டிலின் ஓரத்தில், விழுகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்திருந்தது. அவர் சுவரோரமாக ஒதுங்கி, நல்ல தூக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது.

மெத்தை அந்த இடத்தில் மட்டும் தாழ்ந்திருந்தது.

அவள் கத்தவில்லை. விளக்கையும் போடவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, பக்கத்தில் படுத்திருப்பவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அக்கா... கொஞ்சம் தள்ளிப் படுங்க. நான் விழுந்துடப் போறேன்."

ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மெத்தைக்குள் ஸ்பிரிங் ஒன்று முனகியது. இவள் பக்கம் ஒரு சாண் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளம் மெதுவாக... அவர் பக்கமாக நகர்ந்தது.

அவர் தூக்கத்திலேயே புரண்டார். கையைத் தூக்கி நடுவில் போட்டார்.

அந்தக் கை மெத்தையில் வந்து விழவில்லை.